திங்கள்கிழமை மீட்டிங் இரண்டு மணி நேரம் ஓடுகிறது, முதலாளி மனம் நோகாமல் சுருக்க வழி உண்டா?

இலைக்கணக்கு (கோத்தகிரி) கேட்டது:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காரமடை. மலையேறி ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கள் ஃபேக்டரிக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் இலை வாங்கி, சிடிசி (இலையை ரோலரில் நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) தூள் ஓட்டி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்புகிறோம். இலைக்கு விலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம், அதைப் பேச இங்கே வரவில்லை. என் கஷ்டம் திங்கள்கிழமை மீட்டிங்.

வியாழன், வெள்ளி ஏலம் முடிந்ததும் எந்த லாட் என்ன விலைக்குப் போனது, எது விற்காமல் நின்றது, தூளில் என்ன குறை என்று புரோக்கரிடமிருந்து சேதி வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு திங்கள் காலை பத்து மணிக்கு முதலாளி எல்லோரையும் ஆபீசில் உட்கார வைப்பார். தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர், மெஷின் பார்க்கும் ஃபிட்டர், இலை ஆபீசர், சல்லடை ரூம் அக்கா, இலை வாட்டும் மாடியைப் பார்த்துக்கொள்ளும் ஜார்க்கண்ட் பையன், லாரி டிரைவர், நான். நோட்டில் எழுதுவது என் வேலை. நாலரை கிலோ இலை போட்டால் ஒரு கிலோ தூள் கிடைக்கும். எங்கள் மீட்டிங்கில் இரண்டு மணி நேரம் போட்டால் அரை முடிவு தேறுவதே கஷ்டம்.

நேற்று அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 'சிடிசி ரோலர் மில்லிங்குக்கு அனுப்ப வேண்டும்' என்று கடந்த ஏழு திங்களில் ஐந்து முறை என் கையெழுத்திலேயே இருக்கிறது. தேயிலைத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரோலரில் பொடிப் பொடியாகப் பல் வெட்டியிருக்கும். ஓட ஓட அது மழுங்கும், மறுபடி பல் வெட்டுவதுதான் மில்லிங். மழுங்கினால் இலை சரியாக வெட்டுப்படாது. தூள் குருணை குருணையாக உருண்டு வராமல் செதில் செதிலாக வரும். புரோக்கர் அதைத்தான் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பேர் ரோலர் ஒரு செட் எங்களிடமே இருக்கிறது, மாற்றிப் போட்டுவிட்டுப் பழையதை அனுப்ப வேண்டியதுதான். டீமேக்கர் மெஷினை நிறுத்திக் கொடுப்பார் என்று ஃபிட்டர் காத்திருந்தார். ஃபிட்டர் வந்து கேட்பார் என்று டீமேக்கர் காத்திருந்தார். பட்டறையில் முதலாளி பேசியிருப்பார் என்று நான் நினைத்தேன். பட்டறைக்கு நான் போன் போட்டிருப்பேன் என்று முதலாளி நினைத்தார்.

அந்த ஏழு வாரத்தில் ஒரு திங்கள் நாங்கள் எதற்கு அதிக நேரம் செலவழித்தோம் தெரியுமா? ஸ்டாஃப் டீக்கு ஆவின் பாக்கெட் பாலா, மேல் ஊரிலிருந்து வரும் கறவைப் பாலா என்பதற்கு. முப்பத்தைந்து நிமிஷம். கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன். தேயிலை ஃபேக்டரியில் எட்டு பேர் உட்கார்ந்து டீக்குப் பால் எது என்று பேசி, அதிலும் முடிவு வரவில்லை.

இன்னொன்று. நள்ளிரவு தாண்டி சிடிசி ஓட ஆரம்பித்தால், டிரையரிலிருந்து கடைசித் தூள் இறங்கக் காலை எட்டு ஆகிவிடும். டீமேக்கர் அண்ணன் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, பத்து மணிக்குச் சிவந்த கண்ணோடு வந்து உட்காருவார். அவர் தலை ஆடினால் அது சம்மதமா தூக்கமா என்று நான்தான் யூகித்து எழுத வேண்டும். முதலாளியும் இலை ஆபீசரும் கொஞ்சம் சூடானால் படுக மொழிக்குப் போய்விடுவார்கள். எனக்கு முக்கால்வாசி புரியும், ஜார்க்கண்ட் பையனுக்குத் தமிழே பாதிதான். அவன் இதுவரை ஒரு மீட்டிங்கிலும் வாய் திறந்ததில்லை.

இப்போது ஜனவரி. உறைபனி, இலை குறைவு, எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. அதனால் மீட்டிங் இன்னும் நீள்கிறது. முதலாளி தங்கமான மனுஷன். அவரிடம் போய் 'சார், நீங்கள் ரொம்பப் பேசுகிறீர்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்ன செய்யலாம்?

மேகத்தடி (குன்னூர்):

சார், நான் சாஃப்ட்வேர். வீட்டிலிருந்தே வேலை, தினமும் நாலு மீட்டிங். உங்கள் பால் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், ஏனென்றால் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பார்கின்சன் என்று ஒரு ஆங்கிலேயர், சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர், 1957-ல் ஒரு கற்பனைக் கமிட்டியைப் பற்றி எழுதினார். அணு உலைக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்யும் விஷயம் இரண்டரை நிமிஷத்தில் பாஸ் ஆகிவிடும், யாருக்கும் அது புரியாது. சைக்கிள் நிறுத்தக் கொட்டகை போடுவதற்கு முக்கால் மணி நேரம். கடைசியில் கூட்டத்தில் குடிக்கும் காப்பிச் செலவு வரும், அதுதான் எல்லாவற்றையும்விட நீளும். காப்பியைப் பற்றி எல்லோருக்கும் கருத்து இருக்கிறதே! உங்கள் ரோலர்தான் அணு உலை, பால்தான் காப்பி. வேலை எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அவ்வளவுக்கும் விரியும் என்று 1955-ல் எழுதியதும் இவர்தான். உங்கள் ஜனவரி மீட்டிங் நீள்வதற்கு அது பொருந்தும்.

என் யோசனை: என்ன பேசப்போகிறோம் என்று ஞாயிறு ராத்திரியே நாலு வரி அனுப்பிவிடுங்கள். பெரிய விஷயத்தை முதலில் வையுங்கள். அப்புறம், நாற்காலியை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் புளூடோர்ன் என்பவரும் கூட இருவரும் ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களை வைத்துப் பார்த்து 1999-ல் வெளியிட்டார்கள். உட்கார்ந்து பேசிய குழுக்கள் நின்று பேசியவர்களைவிட 34 சதவீதம் அதிக நேரம் எடுத்தன, முடிவின் தரம் மட்டும் கூடவில்லை. நாங்களும் காலையில் கால் மணி நேரம் நின்றுதான் பேசுகிறோம்.

இலைக்கணக்கு:

பார்கின்சனை முதலாளிக்குச் சொல்லலாம், ரசிப்பார். ஆனால் நிற்கிற யோசனை எங்களுக்கு ஆகாது தம்பி. எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நின்ற டீமேக்கரை மறுபடி நிற்கச் சொன்னால் பாவம். அந்த ஆராய்ச்சியில் நைட் ஷிஃப்ட் முடித்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்.

மலைப்பூண்டு (கொடைக்கானல்):

வாட்ஸ்அப் குரூப் போடுங்க. மீட்டிங்கே வேண்டாம்.

இலைக்கணக்கு:

குரூப் இருக்கிறது. காலை வணக்கம் ரோஜாப்பூவும் தெய்வப் படங்களும் வந்து குவியும். நான் போடும் ஏல விலை அதற்கு அடியில் எங்கோ கிடக்கும். மழை பிடித்தால் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். ஜார்க்கண்ட் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ஊட்டி சிஸ்டர்:

அண்ணா, நான் ஊட்டியில் ஸ்டாஃப் நர்ஸ். நீங்கள் மீட்டிங் என்று சொல்வதில் பாதி எங்கள் ஊரில் ஹேண்ட் ஓவர். அது பத்து மணிக்கு வேண்டியது இல்லை, ஷிஃப்ட் மாறும்போது வேண்டியது.

எங்கள் வார்டில் நைட் முடித்தவள் காலையில் வருகிறவளிடம் நோயாளியை ஒப்படைக்கும் வரை வீட்டுக்குப் போக முடியாது. ரூமில் உட்கார்ந்து பேச மாட்டோம், கட்டில் கட்டிலாகப் போவோம். இவர் யார், என்ன நிலைமை, ராத்திரி என்ன செய்தாயிற்று, என்ன பாக்கி. ஒரு கட்டிலுக்கு ஒரு நிமிஷம், மோசமான கேஸ் என்றால் மூன்று. கட்டில் பக்கத்திலேயே நிற்பதில் ஒரு லாபம் உண்டு. 'டிரிப் ஓடுகிறது' என்று அவள் சொல்லும்போதே நான் பாட்டிலை நிமிர்ந்து பார்ப்பேன். ஓடவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். ரூமில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அரை மணி கழித்துத்தான் தெரியும்.

இன்னொன்று, பாக்கி என்று எழுதினால் யார் பெயரில் பாக்கி என்றும் எழுத வேண்டும். 'சுகர் பார்க்கணும்' என்று மட்டும் எழுதினால் எங்கள் இன்சார்ஜ் பேனாவைப் பிடுங்கிவிடுவார். நீங்கள் 'அனுப்ப வேண்டும்' என்று ஐந்து தடவை எழுதியிருக்கிறீர்கள், அதில் அனுப்புகிற ஆளே இல்லையே அண்ணா. நோட்டு எழுதுவது நீங்கள்தானே?

டீமேக்கர் எட்டு மணிக்கு வேலை முடிக்கும் இடம் எதுவோ, அங்கேயே மீட்டிங்கை வையுங்கள். அவருக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள், மற்றவர்கள் நிற்கட்டும்.

பழைய கண்டக்டர் (பந்தலூர்):

தம்பி, தோட்டத்தில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். பஸ் கண்டக்டர் என்று நினைத்துவிட வேண்டாம், தோட்டத்தில் மலை வேலையை மேற்பார்ப்பவர் கண்டக்டர். எங்கள் குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கிய குடும்பம். காலையில் ஆட்கள் கூடுவதை இங்கே மஸ்டர் என்பார்கள், எங்கள் அப்பா கடைசிவரை பெரட்டு என்றுதான் சொன்னார்.

சாஃப்ட்வேர் தம்பி நின்றுகொண்டு கால் மணி நேரம் என்கிறார். நாங்கள் அதை எத்தனையோ காலமாகச் செய்கிறோம். பனி தோளில் சொட்டச் சொட்ட, சணல் படங்கைப் போர்த்திக்கொண்டு நூறு பேர் நிற்பார்கள். எந்த நம்பர் மலையில் கொழுந்து, எதில் கவாத்து, யார் மருந்தடிக்கப் போவது, எல்லாம் பத்து நிமிஷம். குளிரில் யாரும் நீட்டிப் பேச மாட்டார்கள். முதல் வார்த்தை எப்போதும் நேற்றைய பாக்கிதான். 'ஏழாம் நம்பரில் விட்டுப்போன ரெண்டு நிரை யாருது?' அந்த ஆள் பதில் சொன்ன பிறகுதான் இன்றைய வேலை. உன் மீட்டிங்கில் புரோக்கர் சேதியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போன வாரத்து நோட்டிலிருந்து ஆரம்பித்துப் பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. பெரட்டு சுருக்கமாக முடிந்ததற்குக் காரணம் அங்கே பேசியது ஒரே ஆள். நாங்கள் சொன்னோம், அவர்கள் போனார்கள். ஒரு மலையில் குளவிக்கூடு இருக்கிறது என்று தெரிந்தும் ஒரு அம்மா வாய் திறக்காமல் போய்க் கொட்டு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். 'ஏன் சொல்லவில்லை' என்று கேட்டேன். 'நீங்க கேக்கலையே ஐயா' என்றார். அதனால் உன் ஜார்க்கண்ட் பையன் பேசாமல் இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே.

முதலாளி விஷயம். அவர் நீட்டிப் பேசுகிறார் என்றால், வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்குப் பேச ஆள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள். அதைப் பிடுங்கினால் கோபம் வரும். பேச வேறு இடம் கொடு. எங்கள் துரை (தோட்ட மேனேஜர்) சாயங்காலம் ஆபீஸ் வராந்தாவில் உட்காருவார், குறை சொல்கிறவர், கதை கேட்கிறவர் எல்லோரும் அங்கே போவோம், ஒரு மணி நேரமும் போகும். காலையில் அவரும் சுருக்கம்தான்.

இலைக்கணக்கு:

ஐயா, சிஸ்டர், இரண்டு பேருக்கும் நன்றி. நோட்டு எழுதுவது நான்தான் என்ற கேள்வி கொஞ்சம் சுட்டது. நியாயம்தான். செய்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இலைக்கணக்கு (இரண்டு மாதம் கழித்து):

சொன்னபடி வந்துவிட்டேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாளியிடம் மீட்டிங் நீளம் என்று சொல்லவே இல்லை. 'சார், டீமேக்கர் பத்து மணி வரை வீட்டுக்குப் போகாமல் காத்திருக்கிறார், தூக்கம் கெட்டால் ராத்திரி மெஷின் பக்கத்தில் பயமாக இருக்கிறது, எட்டேகாலுக்கே முடித்து அனுப்பிவிடலாமா' என்றேன். உடனே சரி என்றார். டீமேக்கர் மேல் அவருக்குப் பாசம் அதிகம்.

இடம் சாம்பிள் மேஜை. ராத்திரி ஓட்டிய தூளை கிரேடு வாரியாகக் கப்பில் ஊற்றி வரிசையாக வைத்திருப்போம், எட்டு மணிக்கு டீமேக்கர் எப்படியும் அங்கேதான் நிற்பார். இப்போது அவருக்கு ஸ்டூல். மற்றவர்கள் நிற்கிறோம். டிரையர் சூடு அந்தப் பக்கம் அடிப்பதால் ஜனவரிக் குளிரில் யாரும் முணுமுணுக்கவில்லை. சிஸ்டர் சொன்னது அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஆபீசில் 'தூள் செதிலாக வருகிறதாம்' என்று படித்தால் எல்லோரும் ம்ம் என்பார்கள். இங்கே முதலாளி தட்டிலிருந்து ஒரு கை அள்ளி ஃபிட்டர் உள்ளங்கையில் போட்டார். ஃபிட்டர் அதைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. 'புதன்கிழமை மாற்றித் தருகிறேன்' என்றார். 'புதன் எத்தனை மணிக்கு மெஷினை நிறுத்தட்டும்' என்று டீமேக்கர் கேட்டார். அந்த இரண்டு வாக்கியத்துக்காக ஏழு வாரம் காத்திருந்தோம். வியாழக்கிழமை பழைய ரோலர் லாரியில் ஏறிவிட்டது.

நோட்டையும் மாற்றிவிட்டேன். 'வேண்டும்' என்று முடிகிற வரியை எழுதுவதில்லை. 'ஃபிட்டர், புதன், ரோலர்' இவ்வளவுதான். பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை ஒன்றில் கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சாக்பீஸால் அதையே எழுதி மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். கண்டக்டர் ஐயா சொன்னதுபோல் முதல் பேச்சு போன வாரப் பலகைதான், புரோக்கர் சேதி அதற்கப்புறம். முதல் வாரம் பலகையில் பாக்கி நின்ற ஒரே பெயர் என் பெயர். சாக்குப் பைக்கு ஆர்டர் போட மறந்திருந்தேன்.

இப்போது அந்த ஜார்க்கண்ட் பையன். எங்கள் லாரி டிரைவர் முன்பு வடக்கே லோடு ஓட்டியவர், ஹிந்தி சரளம். அவரைப் பக்கத்தில் நிறுத்தி, மூன்றாவது வாரம் நான் பையனிடம் பொதுவாகக் கேட்காமல், 'மாடியில் ராத்திரி எந்த ட்ரஃப் தொந்தரவு' என்று கேட்டேன். ட்ரஃப் என்பது இலையைப் பரப்பி அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு வாட்டும் தொட்டி. அவன் மூன்று விரலைக் காட்டினான். மூன்றாம் ட்ரஃப் ஃபேனின் பெல்ட் விடியற்காலைக் குளிரில் வழுக்குகிறது, கடைசி ஓரத்துக்குக் காற்று போவதில்லை, அங்கே இலை ஈரமாகவே நிற்கிறது. அவன் ராத்திரி இரண்டு முறை எழுந்து அந்த ஓரத்து இலையைக் கையால் புரட்டிப் போட்டிருக்கிறான். தீபாவளிக்கு முன்பிருந்து! டீமேக்கர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். ஒரே லாட்டில் பாதி நன்றாகவும் பாதி சோடையாகவும் வருவதற்கு இலை ஆபீசர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். இலை ஆபீசர் அன்றைக்குப் படுக மொழியில் என்ன சொன்னார் என்பதை நான் எழுதவில்லை. பெல்ட் மறுநாளே மாறியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எட்டேகால் சல்லடை ரூம் அக்காவுக்கு ஆகவில்லை. அவர் ஊர் பஸ் வருவதே எட்டரைக்கு. இரண்டு வாரம் அவர் இல்லாமல் பேசி, அவர் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டோம். மூன்றாம் வாரம் வந்து நல்ல வாங்கு வாங்கினார். இப்போது எட்டு நாற்பது. டீமேக்கர் அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்கு இன்னும் முணுமுணுக்கிறார். ஐந்தாவது திங்கள் முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் வந்திருந்தார், அவருக்குக் காட்டுவதற்காக எல்லோரும் ஆபீசில் போய் உட்கார்ந்தோம், ஒன்றரை மணி நேரம் போனது. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மற்ற நாட்கள் இருபது முதல் முப்பது நிமிஷம்.

ஏல விலை? கொஞ்சம் கூடியிருக்கிறது. இலை குறைந்த நேரம் என்பதால் எல்லா ஃபேக்டரிக்கும்தான் கூடியிருக்கிறது, மீட்டிங்கால் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். 'செதில்' என்ற சொல் மட்டும் புரோக்கர் சேதியில் இரண்டு வாரமாக இல்லை. மே, ஜூனில் இலை கொட்டும்போது இந்த இருபது நிமிஷம்கூடக் கிடைக்குமா என்பதை அப்போதுதான் பார்க்க வேண்டும்.

முதலாளிக்கு வராந்தா ஏற்பாடும் செய்துவிட்டேன் ஐயா. பத்து மணிக்கு அவர், நான், இலை ஆபீசர் மூன்று பேரும் டீயோடு உட்காருகிறோம். 1990-களில் தேயிலை விலை எப்படி இருந்தது என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போகும். எனக்கும் பிடித்திருக்கிறது. பால் பிரச்சினையை அங்கே மாற்றிவிட்டோம், வாராவாரம் விவாதம் நடக்கிறது. இன்றுவரை ஆவின்தான்.

ஊட்டி சிஸ்டர்:

அண்ணா, அந்தப் பையன் பெயரும் பலகையில் ஏறியதா?

இலைக்கணக்கு:

ஏறியது சிஸ்டர். டிரைவர் ஹிந்தியிலேயே எழுதிக் கொடுத்தார். மாடி ஃபேன் எல்லாவற்றையும் திங்கள்தோறும் பார்ப்பது இப்போது அவன் வேலை. போன வாரம் இரண்டாம் ட்ரஃப் என்று அவனாகவே சொன்னான்.